திருப்பிப் போட்ட நாற்காலி

சோபா பால்கனிக்கு நாடு கடத்தப்பட்டதைப் போன வாரம் பார்த்தோம். அதற்குப் பிறகு சாப்பாட்டு மேஜையும் அதன் பின்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டது. அம்மாவும் மகளும் கட்டிலில் உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடப் பழகிவிட்டார்கள். இத்தனைக்கும் காரணமான மனிதர் சாப்பாட்டுக்கே ஒழுங்காக வருவதில்லை. ஹாலில் தரையோடு தரையாகப் படுத்து, டேப் வைத்து அளந்துகொண்டிருந்தார்.

பெரிய ஹால். இருபத்தெட்டு அடி நீளம், பதினெட்டு அடி அகலம். இரண்டு அறைகளுக்கு நடுவில் இருந்த சுவரை இடித்து ஒன்றாக்கியது. இடிக்கச் சொன்னவளே அவர் மனைவிதான். வீட்டுக்கு நாலு பேர் வந்தால் வசதியாக உட்காரட்டும் என்று ஆசைப்பட்டுச் சொன்னாள். இன்றைக்கு அங்கே உட்கார ஒரே ஒரு நாற்காலிதான். அதிலும் அவர் மட்டும்தான் உட்காரலாம்.

நாற்காலிக்கு எதிரே, நெஞ்சளவு உயரத்தில் இரண்டு ஸ்பீக்கர்கள். ஒவ்வொன்றும் அறுபது கிலோ. இடது பக்கச் சுவர் முழுக்கப் புத்தக அலமாரி. வலது பக்கம் முழுக்கக் கண்ணாடி ஜன்னல். கண்ணாடியில் பட்டுச் சத்தம் தெறிக்கிறது என்று சொல்லி, வீட்டில் இருந்த கம்பளிப் போர்வை அத்தனையையும் அதன்மேல் தொங்கவிட்டிருந்தார். பட்டப்பகலில் விளக்குப் போட்டுக்கொண்டு நடமாட வேண்டியிருந்தது. தரையில் நீலம், சிவப்பு, மஞ்சள் என்று ஒட்டு டேப்புகள். ஒவ்வொன்றின்மேலும் பேனாவால் தேதி. நீல டேப்பை மிதித்துவிட்டதற்காக மகள் வாங்கிக் கட்டிக்கொண்டதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும்.

சனிக்கிழமை காலை. ஸ்பீக்கர் வந்து பன்னிரண்டாவது நாள். அவருக்குப் பித்துப் பிடித்துப் பதினோராவது நாள். அப்படித்தான் அவள் கணக்கு வைத்திருந்தாள்.

முதல் நாள் சாயங்காலம் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஒரு பெண் தனியாகப் பாடும் பாட்டைப் போட்டார். இரண்டு பெட்டிகளுக்கும் நட்டநடுவே, ஒன்றுமே இல்லாத இடத்தில், அந்தப் பெண் நின்று பாடுவது போலிருந்தது. அவர் மனைவியையும் மகளையும் மாற்றி மாற்றி நாற்காலியில் உட்காரவைத்து, இதோ நிற்கிறாள் பார், இதோ நிற்கிறாள் பார் என்று காற்றைக் காட்டிக் குதித்தார். ஐம்பத்திரண்டு வயதுக்காரர் அப்படிக் குதித்து அவள் பார்த்ததில்லை.

மறுநாள் காலை பாடகி வலது பக்கம் நகர்ந்துவிட்டாள். அன்றைக்கு ஆரம்பித்ததுதான்.

அவர் தொழில் ஒலிக்கலவை. படத்தில் பேச்சு, இசை, மழை, கதவு எல்லாவற்றையும் அதனதன் அளவில் சேர்த்துத் தருகிற வேலை. தெருவில் அவருக்கு 'சவுண்டு' என்றே பெயர். இருபத்திரண்டு வருஷம் வேறொருவரின் ஸ்டூடியோவில் இரண்டாவது ஆளாக இருந்தார். வேலையெல்லாம் இவருடையது, பெயர் மட்டும் முதலாளியுடையது. மூன்று மாதத்துக்கு முன் அங்கிருந்து வெளியே வந்தார். இப்போது முதன்முதலாக ஒரு படம் அவர் பெயரில் வந்திருக்கிறது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அந்த டைரக்டர் இதே ஹாலுக்கு, இதே நாற்காலியில் உட்கார்ந்து கேட்க வருகிறார். அதனால் அவர் படுகிற பாட்டை அவளால் புரிந்துகொள்ள முடிந்தது. புரிந்தது என்பதற்காக எரிச்சல் குறைந்துவிடுமா என்ன.

பத்தரை மணிக்குக் கடையிலிருந்து அளவு எடுக்கிற பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும். தோளில் லேப்டாப் பை, கையில் மடக்கு ஸ்டாண்ட். போன வாரம் அவர் கடைக்குப் போன் செய்து கத்திய கத்தலுக்குக் கிடைத்த பலன் இவள்தான். வந்தவள் அதிகம் பேசவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் தலை எங்கே வருமோ அந்த உயரத்தில் ஒரு சின்ன மைக்கைப் பொருத்தினாள். விஸ்ஸ் என்று ஒரு சத்தத்தை முதலில் இடது பெட்டியிலும் பிறகு வலது பெட்டியிலும் ஓடவிட்டாள். திரையில் இரண்டு கோடுகள் வந்தன.

இடது ஸ்பீக்கர் ரொம்பக் கிட்டே வந்துவிட்டது, சத்தமும் அதில்தான் கூடுதல் என்று அவள் சொன்னாள். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. பாடகி வலது பக்கம் சாய்கிறாள், அதனால் இடது பெட்டியை முன்னால் இழுத்தேன், நீ தலைகீழாகச் சொல்கிறாயே என்றார். அவள் வாதாடவில்லை. முதல் நாள் தேதி போட்ட மஞ்சள் டேப்பைத் தேடிப் பிடித்து, இரண்டு பெட்டிகளையும் அதே இடத்துக்கு அவரையும் பிடிக்கச் சொல்லி நகர்த்தினாள். ஜன்னலில் இருந்த கம்பளிகளையும் கழற்றிப் போட்டாள். பதினோரு நாளைக்கப்புறம் ஹாலில் வெயில் விழுந்தது. மறுபடியும் அளந்தாள். இரண்டு கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து ஒரே கோடாகத் தெரிந்தன.

"இப்ப உக்காந்து கேளுங்க சார்."

உட்கார்ந்தார். நாற்பது வினாடி. மகள் பல் தேய்க்கும்போது முணுமுணுக்கும் அளவுக்கு அந்த வீட்டில் தேய்ந்துபோன பாட்டு. முடிந்ததும் தலையை ஆட்டினார்.

"இன்னும் வலது பக்கம்தான் இருக்கா."

அந்தப் பெண் தானே உட்கார்ந்து கேட்டாள். பிறகு எழுந்து, நாற்காலியின் முதுகில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள். "சார், நாற்காலியைத் திருப்பிப் போட்டு, ஸ்பீக்கருக்கு முதுகைக் காட்டி ஒரு தடவை கேளுங்களேன்" என்றாள்.

சமையலறை வாசலில் டீத் தட்டோடு நின்ற மனைவிக்கு அதில் என்ன இருக்கிறதென்று விளங்கவில்லை. ஆனால் அவருக்கு முகம் கறுத்துவிட்டது. இருபத்திரண்டு வருஷமாகச் சத்தத்தோடு குடும்பம் நடத்துகிறவனிடம் வந்து விளையாட்டுக் காட்டுகிறாயா என்று பிடித்துக்கொண்டார். விற்கிற வரைக்கும் சார் சார் என்பது, விற்ற பிறகு குறையை வாங்கினவன் தலையில் கட்டுவது என்று குரல் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் பால்கனிக் கதவை அடித்துச் சாத்திக்கொண்டு, வெயிலில் கிடந்த சோபாவில் போய் உட்கார்ந்துவிட்டார்.

அந்தப் பெண் டீயைக் குடித்துவிட்டுத்தான் கிளம்பினாள். வாசலில் செருப்பை மாட்டும்போது தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"ஸ்பீக்கர்ல ஒண்ணும் இல்லம்மா. ஹால்லயும் ஒண்ணும் இல்ல. நாற்காலியைத் திருப்பிப் போடச் சொல்லுங்க. நான் சொன்னா கேக்க மாட்டார்."

"ஆமாம்மா. பார்க்கிறோம்" என்று அவள் வாயிலிருந்து தன்னால் வந்தது.

இந்த 'ஆமா'வைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவள் வேலை பார்ப்பது தண்ணீர் அலுவலகத்தில், புகார் வாங்குகிற மேஜையில். பதினேழு வருஷமாக அங்கே இருப்பதால் அலுவலகத்தில் அவளுக்குப் புகாரம்மா என்றே பெயர். குழாயில் காற்று வருகிறது, சாக்கடை நாற்றம் அடிக்கிறது என்று கொதித்துக்கொண்டு வருகிறவர்களை அடக்க அவளிடம் மூன்று வார்த்தைகள் உண்டு. ஆமாங்க. எங்க தப்புதான். பார்க்கிறோம். மறுத்துப் பேசினால் அரை மணி நேரம் நிற்பார்கள். ஒப்புக்கொண்டால் இரண்டு நிமிஷத்தில் தணிந்து போய்விடுவார்கள். யார் தப்பு என்பதெல்லாம் பிறகு. முதலில் வரிசை நகர வேண்டும்.

இந்த வித்தையை வீட்டுக்கும் கொண்டுவந்தது எப்போது என்று அவளுக்கே தெரியாது. அம்மாவைப் பார்த்து மகளும் கற்றுக்கொண்டாள். அவர் எதையாவது பிடித்துக்கொண்டால் இருவரும் ஆமாம் போட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். குடும்பம் சண்டையில்லாமல் ஓடியது. அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

ஹால் காலியாக இருந்தது. வெயில் புத்தக அலமாரி வரைக்கும் நீண்டிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து ரிமோட்டை அழுத்தினாள்.

பாடகி நட்டநடுவில் நின்றாள். முதல் நாள் சாயங்காலம் நின்ற அதே இடத்தில்.

சரியாகிவிட்டதே, பிறகு இந்த மனிதருக்கு என்ன என்றுதான் முதலில் நினைத்தாள். திங்கட்கிழமை வரைக்கும் இதே கூத்துதானா என்று அலுத்துக்கொண்டு எழப் போனவள், எழாமல் அப்படியே உட்கார்ந்தாள். இரண்டாம் நாள் காலையும் பாடகி இங்கேதான் நின்றாள்.

அந்தக் காலை முழுதாக நினைவுக்கு வந்தது. அவர் குளித்துவிட்டுத் தலையைச் சாய்த்து, இடது காதைத் தட்டிக்கொண்டே வந்தார். காது அடைத்த மாதிரி இருக்கிறது, தண்ணீர் போயிருக்குமோ என்றார். அவளுக்கு அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டிருந்தது. ஆமா, போயிருக்கும் என்றாள்.

பத்து நிமிஷத்தில் ஹாலிலிருந்து சத்தம் வந்தது. ஸ்பீக்கரை யார் நகர்த்தியது? அவள் நகர்த்தவில்லை, மகளும் நகர்த்தவில்லை. ஆனால் இல்லை என்று சொன்னால் விசாரணை ஆரம்பிக்கும், பஸ் போய்விடும். நான்தான் பெருக்கும்போது இடித்திருப்பேன் என்றாள். அவர் அவளைக் கையைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தார். வலது பக்கம் சாயுது பாரு, சாயுதா இல்லையா என்றார். பாடகி நடுவில் நின்று பாடிக்கொண்டிருந்தாள். அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, வாசலைப் பார்த்துக்கொண்டே, ஆமா ஆமா என்றாள்.

அதன்பிறகு தினமும் கேட்டார். தினமும் ஆமா. மகளும் ஆமா. இடது பெட்டி விரல் விரலாக முன்னால் வந்தது. இந்த நான்கைந்து நாளாக அவளுக்குப் பாடகி இடது ஓரம் ஒதுங்கிப் பாடுவது தெரியத்தான் செய்தது. தெரிந்தும், வலது பக்கம்தானே என்று அவர் கேட்டபோது ஆமா என்றுதான் சொன்னாள்.

இன்னும் என்னென்னவோ வந்து சேர்ந்தது. எப்போதும் இடது காதில் வைத்துப் பேசுகிறவர் இந்த வாரம் போனை வலது காதில் வைத்துக்கொண்டிருந்தார். கட்டிலில் அவருக்கு இடது பக்கம் படுக்கிறவள் அவள். இரண்டு தரம் கூப்பிட்டால்தான் என்ன என்கிறார். ஸ்பீக்கர் பைத்தியம், காதில் எதுவும் ஏறவில்லை என்று அவளே மகளிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

மகள் மதியச் சாப்பாட்டுக்கு வந்தாள். பக்கத்துத் தெரு மருந்துக்கடையில் மருந்தாளராக இருக்கிறவள். அம்மா சொன்னதை, தட்டை மடியில் வைத்தபடியே கேட்டாள். பாதியிலேயே கை நின்றுவிட்டது.

"என்னிக்கு அடைச்சுதுன்னு சொன்னார்?"

"போன வாரம் புதன்கிழமை காலைல."

மகள் விரல் விட்டு எண்ணினாள். "அம்மா, திடீர்னு ஒரு காது கேக்காம போச்சுன்னா அன்னிக்கே ஓடணும். மருந்து இருக்கு. ஆனா ரெண்டு வாரத்துக்குள்ள ஆரம்பிச்சாத்தான் ஏதாவது திரும்பி வரும். நாள் ஆக ஆக கஷ்டம். எனக்குத் தெரியும்மா. தெரிஞ்சும் நானும் தினம் ஆமாப்பா ஆமாப்பான்னு..." தட்டைத் தரையில் வைத்துவிட்டு, கடையில் சீட்டுக் கொண்டுவருகிறவர்கள் சொல்லக் கேட்ட ஒரு காது டாக்டரின் எண்ணைத் தேட ஆரம்பித்தாள். சனிக்கிழமை ஆறு மணி வரைக்கும் பார்ப்பாராம். மூன்றரைக்கு வரச் சொன்னார்கள்.

அவள் பால்கனிக் கதவைத் திறந்தாள். சோபாவில் வேர்க்க விறுவிறுக்க உட்கார்ந்திருந்தார். கோபம் அடங்கவில்லை, ஆனால் பசி வந்திருந்தது. அது தெரியும்போது அவள் வழக்கமாகச் சமாதானமாக ஏதாவது சொல்லுவாள். இன்றைக்குச் சொல்லவில்லை.

"வாங்க. நாற்காலியைத் திருப்பிப் போட்டிருக்கேன். ஒரு தடவை உக்காருங்க."

"அந்தப் பொண்ணு உன்னையும் ஏத்திவிட்டுட்டுப் போயிட்டாளா?"

"எனக்காக உக்காருங்க."

கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் 'எனக்காக' என்ற வார்த்தை அவள் வாயிலிருந்து வந்ததில்லை. எழுந்து வந்தார். ஸ்பீக்கர்களுக்கு முதுகைக் காட்டி நாற்காலி காத்திருந்தது. அதன் முன்னால் ஒரு நிமிஷம் நின்றார். இது என்ன சோதனை என்று அவருக்குக் காலையிலேயே தெரியும் என்பது அந்த நிற்றலில் அவளுக்குப் புரிந்தது. திரும்பி உட்காருகிறவனுக்கு ஜன்னல் பக்கம் இடது கையாகவும், அலமாரிப் பக்கம் வலது கையாகவும் மாறிவிடும். கோளாறு ஹாலில் இருந்தால் பாடகி இருந்த இடத்திலேயே, ஜன்னல் பக்கம் நிற்பாள். அவருடைய வலது காதோடு கூடவே அலமாரிப் பக்கம் வந்துவிட்டால் ஹாலில் கோளாறு இல்லை.

உட்கார்ந்தார். மகள் ரிமோட்டை அழுத்தினாள்.

நாற்பது வினாடி ஓடி முடிந்தது. இன்னொரு தடவை என்று விரலைக் காட்டினார். மறுபடியும் போட்டாள். பாதியில் அவர் வலது உள்ளங்கையால் வலது காதை மூடினார். மூடிய கையை எடுக்காமல், எதிரே சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்தது அவருக்குத் தெரியவில்லை. மகள் போய்த் தோளைத் தொட்ட பிறகுதான் கையை எடுத்தார்.

"சட்டை மாத்திக்கிட்டு வரேன்" என்றார்.

வாடகைக் காரில் ஏறினார்கள். மகள் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பின்னால் அவரும் அவளும். நாற்பது நாள் ராத்திரி பகலாகப் படத்துக்குச் சேர்த்த சத்தத்தை டைரக்டர் திங்கட்கிழமை கேட்க வருகிறார், அதை இவர் எந்தக் காதால் கேட்பார் என்று அவள் நினைத்தாள். நினைக்க நினைக்கத் தன்மேல் ஆத்திரமாக வந்தது. பஸ் போய்விடுமே என்பதற்காகச் சொன்ன ஒரு பொய். அதைத் தாங்கிப் பிடிக்கப் பத்து நாளைக்கு ஆமா. வரிசை நகர்ந்துவிட்டது, புகார் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

கிளினிக்கில் காத்திருந்தபோது அவர் போன் அடித்தது. டைரக்டர். வலது காதில் வைத்து, ஆமா திங்கட்கிழமை, பத்து மணி, எல்லாம் ரெடி என்று சொல்லிவிட்டு வைத்தார். அவளைப் பார்க்கவில்லை.

காது டாக்டர் வயதான அம்மாள். மகளை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு இவர்கள் இரண்டு பேரையும் உள்ளே உட்காரவைத்தார். நாற்காலிகள் போட்டிருந்த விதத்தில் அவள் அவருக்கு இடது பக்கம் அமைந்தாள். டாக்டர் விளக்கை வைத்து இரண்டு காதுகளுக்குள்ளும் பார்த்தார். அழுக்கு எதுவும் இல்லை, தண்ணீரும் இல்லை என்றார். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சின்ன அறை தெரிந்தது. அதில் வைத்துச் சோதனை செய்யப் போவதாகவும், அதற்குமுன் ஒரு விஷயம் சரியாகத் தெரிய வேண்டும் என்றும் சொன்னார். எத்தனை நாளாக இப்படி? மருந்து எப்படி ஆரம்பிப்பது என்பதே அதைப் பொறுத்துத்தான் என்றார்.

"நாலு நாளா இருக்கும் டாக்டர். அஞ்சு நாள்" என்றார் அவர். "அதுக்கு முன்னாடி காது இல்ல, அது ஸ்பீக்கர். இவ பெருக்கும்போது இடிச்சுட்டா. அதுல ஒரு பக்கமா சாய ஆரம்பிச்சுது. இவளுக்கும் வலது பக்கம்தான் கேட்டுச்சு, பொண்ணுக்கும் அப்படித்தான் கேட்டுச்சு. எனக்கு மட்டும் கேட்டிருந்தா அன்னிக்கே உங்ககிட்ட வந்திருப்பேன்."

அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. அவளைச் சாட்சிக்குக் கூப்பிடுகிற மாதிரித்தான் சொன்னார். தொழில் தெரிந்தவன் ஏமாந்து போகவில்லை, வீட்டில் எல்லோருக்கும் அப்படித்தான் கேட்டது என்பது அவருக்கு அந்த நேரத்தில் வேண்டியிருந்தது.

டாக்டர் பேனாவை நிறுத்தி அவளைப் பார்த்தார்.

"அப்படியாம்மா?"

பதினேழு வருஷத்து வார்த்தை நாக்கு நுனிக்கு வந்து நின்றது. அதைச் சொன்னால் அவர் முகம் தப்பிக்கும். அவள் முகமும் தப்பிக்கும்.

"இல்ல டாக்டர்" என்றாள். டாக்டரை மட்டும் பார்த்து, தாழ்ந்த குரலில் தொடர்ந்தாள். "பதினோரு நாள் ஆச்சு. நான் ஸ்பீக்கரை இடிக்கவேயில்ல. எனக்கு அன்னிக்கும் பாட்டு நடுவுலதான் கேட்டுச்சு."

டாக்டர் மெல்லத் தலையாட்டிவிட்டு எழுத ஆரம்பித்தார். எழுதிக்கொண்டே கண்ணாடி அறையின் விளக்கைப் போடச் சொல்லி நர்ஸுக்குக் கை காட்டினார். அவள் நிமிர்ந்து கணவரைப் பார்க்கப் பயந்தாள். பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

அவர் அவளை நோக்கி முழுதாகத் திரும்பி, வலது காதை அவள் பக்கம் கொண்டுவந்து குனிந்தார்.

"என்ன சொன்ன? கேக்கல."